தேம்பாவணியின் தச்சர்: ஒரு மறுவாசிப்பு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே முதல் நாள். வட சென்னைத் துறைமுகத்தை ஒட்டி நாம் அப்போது பணியாற்றிய பங்கில், தொழிலாளரான தூய சூசையப்பரின் திருநாள் திருப்பலி. ஆலயம் நிறைந்திருந்தது. கப்பல்களில் சுமை இறக்கி ஓய்ந்தவர்கள், எண்ணூர் நெடுஞ்சாலையின் தொழிற்சாலைகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் செல்பவர்கள், காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்துக் கூடையில் சுமந்து விற்கும் பெண்கள் என எல்லாரும் வந்திருந்தனர். மறையுரையில் நாம் தாழ்ச்சியைப் பற்றிப் பேசினோம். நற்செய்தி நூல்களில் சூசையப்பர் ஒரு சொல்லும் பேசவில்லை என்பதை எடுத்துக்காட்டி, அந்த மௌனத்தைப் பின்பற்றுமாறு மக்களை அழைத்தோம். நன்றாகவே பேசினோம் என்ற நிறைவும் நமக்கு இருந்தது.

திருப்பலி முடிந்து ஆலய வாயிலில் நின்றபோது முதியவர் ஒருவர் அருகில் வந்தார். துறைமுகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மூட்டை சுமந்தவர். "சாமி, சூசையப்பர் தாழ்ச்சியா இருந்தாருன்னு சொன்னீங்க. சரி. நாங்க ஏற்கெனவே தாழத்தானே இருக்கோம்? இன்னும் எம்மாம் தாழணும்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். நாம் ஏதோ சொல்லிச் சமாளித்தோம். அவர் தலையசைத்துவிட்டுப் போனார்.

அன்று மாலை அறைக்குத் திரும்பியதும், குருமடத்தில் படித்த நாள்களுக்குப் பின் அலமாரியிலேயே உறங்கிக்கொண்டிருந்த தேம்பாவணியை எடுத்தோம். சூசையப்பரையே தலைவராகக் கொண்டு தமிழில் எழுந்த பெருங்காப்பியத்தில், அந்த முதியவருக்குச் சொல்லத்தக்க விடை இருக்கக்கூடும் என்று எண்ணினோம். அந்த வாசிப்பின் பயனாக எழுந்தவையே இக்கட்டுரையில் உள்ளவை. புலவர்கள் நம்மைப் பொறுத்துக்கொள்வார்களாக.

இத்தாலியில் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680ஆம் ஆண்டு பிறந்த கொன்ஸ்தாந்து யோசேப்பு பெஸ்கி, இயேசு சபைக் குருவாகத் தமிழகம் வந்து வீரமாமுனிவரானார். 1726ஆம் ஆண்டளவில் அவர் நிறைவு செய்த தேம்பாவணி மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. வாடாத மாலை என்றும், தேன் போன்ற பாக்களாலான அணி என்றும் பெயருக்கு இருவகையில் பொருள் கொள்வர். அதில் சூசையப்பருக்கு 'வளன்' என்று பெயர். பெருகச் செய்தல் என்னும் எபிரேயப் பொருளை ஒரே தமிழ்ச் சொல்லில் அடக்கிய அழகை எத்தனை முறை வியந்தாலும் தகும். 1995இல் பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியம் வெளிவந்தபின் வாசகங்களில் 'யோசேப்பு' நிலைபெற்றுவிட்டது; மன்றாட்டிலும் வீட்டுப் பெயர்களிலும் 'சூசை' வாழ்கிறது; 'வளன்' ஏட்டோடு நின்றுவிட்டார் என்பதில் நமக்குச் சிறு வருத்தம் உண்டு.

தமிழ்க் காப்பிய மரபில் பாயிரத்தில் அவையடக்கம் கூறுவது வழக்கம். பாற்கடல் முழுவதையும் நக்கிவிடப் புகுந்த பூனையாகக் கம்பர் தம்மைச் சொல்லிக்கொண்டது யாவரும் அறிந்ததே. அவ்வாறு சொன்ன புலவர், தொடர்ந்து பத்தாயிரம் பாடல்களைப் பாடி முடிக்கிறார் என்பதையும் நாம் மறக்கக்கூடாது. அவையடக்கம் ஓர் அணி. புலமையின் நுழைவாயிலில் தொங்கும் மாவிலைத் தோரணம். அதில் பொய் இல்லை. ஆயினும் அதுவே தாழ்ச்சி அன்று. அவைக்கு முன் அடங்குவது ஒன்று. அளவற்ற இறைவனுக்கு முன் அடங்குவது மற்றொன்று. முன்னதில் அடங்குபவனுக்கும் அவைக்கும் உள்ள தொலைவு எத்தனை என்று கணக்கிட்டுவிடலாம். பின்னதில் அக்கணக்கே இல்லை.

இந்த வேறுபாட்டை மனத்திற்கொண்டு தேம்பாவணிக்குள் நுழைந்தால் முதலில் நமக்குக் கிடைப்பது ஏமாற்றமே. நாட்டுப் படலம், நகரப் படலம் என்று காப்பியம் தொடங்குகிறது. யூதேயா, காவிரிக் கரையின் வளத்தோடு நம் கண்முன் விரிகிறது. எருசலேமின் மாடங்களும் மதில்களும் எழுகின்றன. தலைவரோ தாவீதின் குலத்தவர். அக்குலப்பெருமை ஓங்கி ஒலிக்கிறது. இவை எல்லாம் தமிழ்க் காப்பிய இலக்கணம் கேட்பவை. தனக்கு நிகரில்லாத தலைவனை அது கேட்கிறது. மலையும் கடலும் நாடும் நகரும் கேட்கிறது. மணமும் முடியும் கேட்கிறது. நாசரேத்தில் மரம் இழைத்துக் கூலி பெற்ற ஒருவர் அதற்குப் போதமாட்டார். அதனால் முனிவர் தம் தச்சரைச் செய்யுட்பட்டு உடுத்தி அழைத்து வருகிறார். முதற் காண்டத்தை மூடும்போது நம் செவியில் தங்குவது உளியின் ஓசையன்று, முரசின் ஓசையே. துறைமுகத்து முதியவரிடம் இதைக் கொண்டுபோனால் அவர் என்ன சொல்வார் என்று எண்ணிப் பார்த்தோம். மனம் கூசியது.

முனிவரின் வாழ்வைப் பற்றியும் இதையொத்த ஒரு முணுமுணுப்பு உண்டு. அவர் பல்லக்கிலும் பரிவாரத்தோடும் சென்றார் என்று, 1822இல் அவர் வரலாற்றை எழுதிய முத்துசாமிப் பிள்ளை முதலானோர் விரித்துரைத்தனர். அவற்றுள் பலவற்றைப் பிற்கால ஆய்வாளர் ஏற்பதில்லை. நாம் இங்கு அந்த வழக்கைத் தீர்க்கப் போவதில்லை. பரமார்த்த குருவின் கதையை எழுதிய கையும் இதே கைதான் என்பதை மட்டும் நினைவூட்டுவோம். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்களிடையே தம் பெருமையைக் காக்கப் படாத பாடு படும் அந்தக் குருவைப் படைத்தவருக்கு, குருக்களின் செருக்கைப் பற்றி நம்மைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. பங்குத் திருவிழாவுக்கு ஆலய முகப்பை மறைத்து நிற்கும் பதாகையில் பாதுகாவலரின் உருவைவிடப் பங்குத்தந்தையின் உருவம் பெரிதாக இருக்கக் காணும் போதெல்லாம் நமக்குப் பரமார்த்த குருவின் குதிரைதான் நினைவுக்கு வருகிறது. (நம் படமும் அத்தகைய பதாகைகளில் இடம்பெற்றதுண்டு. அதைத் தடுக்க நாம் பெரிதாக முயன்றதில்லை.)

இரண்டாம் முறை வாசித்தபோதுதான், முதல் வாசிப்பில் தவறவிட்ட ஒன்று கண்ணில் பட்டது. நிகரற்ற தலைவன் வேண்டும் என்று இலக்கணம் கேட்கிறது. வீரமாமுனிவரும் வளனை நிகரற்றவராக உயர்த்திக்கொண்டே போகிறார். ஆனால் அவ்வளவு உயர்த்தியபின் அத்தலைவர் என்ன செய்கிறார்? தம் கைகளில் கிடக்கும் ஒரு குழந்தையை வணங்குகிறார். நாம் அறிந்த தமிழ்க் காப்பியத் தலைவர்களுள், கதை முழுவதும் தம்மினும் மேலான ஒருவரைத் தம் மடியிலேயே வைத்திருக்கும் தலைவர் இவர் ஒருவரே. இராமனும் சீவகனும் தத்தம் கதையின் நடுவில் நிற்கிறார்கள். வளனோ நடுவிலிருந்து விலகி நிற்கிறார். அந்த இடத்தில் குழந்தை கிடத்தப்பட்டிருக்கிறது. காப்பிய இலக்கணத்தை அணு அளவும் மீறாமலே முனிவர் அதைத் தலைகீழாக்கிவிட்டார் என்று இப்போது தோன்றுகிறது. முரசும் முடியும் வேண்டியிருந்தது, அவற்றையெல்லாம் ஒரு தொட்டிலின் முன் இறக்கி வைப்பதற்காகவே.

இங்கு இறையியல் சிறிது தேவைப்படுகிறது. 1215இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், படைத்தவருக்கும் படைப்புக்கும் இடையே எத்தகைய ஒப்புமையைக் கூறினாலும் அதனினும் பெரிய வேற்றுமை அங்கு இருக்கவே செய்கிறது என்று கற்பித்தது. இதைப் பாடமாகப் படித்த காலத்தில் அறிவைச் சோர்வுறச் செய்யும் கொள்கையாகவே நமக்குப் பட்டது. இத்தனை ஆண்டுப் பங்குப்பணிக்குப் பின் அதனுள் ஏழைகளுக்கான பெரும் விடுதலை மறைந்திருப்பதாகக் காண்கிறோம். எல்லையுள்ள இரண்டுக்கு இடையேதான் உயர்வும் தாழ்வும் அளக்கப்படும். எல்லையற்றவருக்கு முன் பேரரசரும் மூட்டை சுமப்பவரும் ஒரே தொலைவில் இருக்கிறார்கள். ஆயரும் உபதேசியாரும் அப்படியே. கடற்கரையில் நின்று பார்க்கும்போது அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி வானைத் தொடுவது போலவும், அருகிலுள்ள குடிசை மண்ணோடு மண்ணாகவும் தோன்றும். விண்மீனுக்கு அவ்வேறுபாடு தெரியுமா? விண்மீனும் எல்லையுள்ளதே. ஆகவே இறைவன் முன் தாழ்வது என்பது, மனிதர்முன் தாழ்வதன் இன்னொரு படி அன்று. அது வேறு வகை. இறைவன்முன் முழந்தாளிட்டவரை எந்த முதலாளியும் அந்தக் காரணத்தைக் காட்டித் தன்முன் முழந்தாளிடச் சொல்ல இயலாது.

நம் கத்தோலிக்கத் தமிழில் 'தாழ்ச்சி' என்னும் சொல் ஆழ வேரூன்றியது. 'தாழ்வு' அதன் உடன்பிறப்பே ஆயினும் அது வேறு. தாழ்வைப் பிறர் நம்மேல் சுமத்துகிறார்கள். தாழ்ச்சியை நாமே இறைவன்முன் ஏற்கிறோம். அன்னை மரியா தம் புகழ்ப்பாடலில் தம் தாழ்நிலையைச் சொல்லும் அதே மூச்சில், அரியணையிலிருந்து இறக்கப்படும் வலியோரையும் சொல்கிறார். அன்று மே முதல் நாள் மறையுரையில் நாம் இவ்விரு சொற்களையும் குழப்பிவிட்டோம். அம்முதியவர் குழப்பவில்லை.

தேம்பாவணியின் உயிர்நிலை என நாம் கருதுவது ஐயந்தோற்று படலத்தையும் ஐயநீங்கு படலத்தையும். மரியா கருவுற்றிருப்பதைக் கண்ட சூசையப்பரின் கலக்கத்தை மத்தேயு ஓரிரு வசனங்களில் முடித்துவிடுகிறார். முனிவர் அதற்கு இரண்டு படலங்களைத் தருகிறார். சொற்பெருக்கு மிகுதி என்ற குறையை நாம் மறைக்கவில்லை. நற்செய்தியின் மௌனத்திற்குள் எளிதாகக் கேட்கும் இதயத் துடிப்பு, உவமைகளின் நடுவே சில இடங்களில் அமுங்கிவிடுகிறது. ஆயினும் படலத்தின் பெயரிலேயே 'ஐயம்' என்று துணிந்து எழுதிய நேர்மையைப் போற்ற வேண்டும். புனிதருக்கு ஐயமே எழவில்லை என்று மெழுகிவிட அவர் முயலவில்லை.

இக்கலக்கத்திற்குத் திருச்சபைத் தந்தையர் பலவாறு விளக்கம் தந்தனர். மனைவியின் கற்பில் ஐயுற்றார் என்றனர் சிலர். ஒன்றும் விளங்காமல் திகைத்தார் என்றனர் சிலர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் தூய பெர்நார்து வேறொரு விளக்கத்தை முன்வைத்தார். சூசையப்பர் விலக நினைத்தது மரியாவின் குற்றத்தை எண்ணியன்று. அவரிடம் குடிகொண்டிருந்த இறைமறைபொருளுக்கு அருகில் வாழத் தாம் தகுதியற்றவர் என்று அஞ்சியே என்றார். அதற்கு அவர் தரும் ஒப்புமை நம் வட சென்னைக்கு மிகவும் நெருக்கமானது. வலை கிழியும் அளவுக்கு மீன் பட்டபோது, பாவியான தன்னைவிட்டு அகலுமாறு ஆண்டவரின் காலில் விழுந்து கதறிய பேதுருவைப் போலவே சூசையப்பரும் என்கிறார்.

அந்தப் பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் இட்ட பெயர் இராயப்பர். அவர் பெயராலேயே இராயபுரம் விளங்குகிறது. துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து சரக்கையும் மனிதரையும் மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்து கரைசேர்த்த படகோட்டிகள் தம் உழைப்பின் பணத்தில் எழுப்பியது அங்குள்ள இராயப்பர் ஆலயம். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகுகள் அவை. அலை மோதும்போது உடையாமல் வளைந்துகொடுக்கும். தாழ்ச்சிக்கு உவமை தேடும் மறையுரையாளர் எவரும் இப்படகை எடுத்தாண்டதாக நமக்குத் தெரியவில்லை. பேதுரு முழந்தாளிட்டது கோயிலில் அன்று. தம் வேலையிடத்தில், மீன்நாற்றத்தின் நடுவில். இரவெல்லாம் உழைத்தும் ஒன்றும் கிடைக்காதபோது அவர் காலில் விழவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வறுமை அவரைப் பணிய வைக்கவில்லை. தம் கணக்கை மீறிய கொடையைக் கண்டபோதுதான் அவர் விழுந்தார். சூசையப்பரின் கலக்கமும் அத்தகையதே என்று பெர்நார்தின் வழியில் கொண்டால், முனிவரின் இரு படலங்களும் புதிய ஒளி பெறுகின்றன. முனிவர் இதையே கருதினார் என்று நாம் சாதிக்கவில்லை. அவரது பாடல்கள் இவ்வாசிப்புக்கும் இடம் தருகின்றன என்று மட்டுமே சொல்கிறோம்.

எகிப்துப் பயணமும் அங்கு வாழ்ந்த காலமும் காப்பியத்தில் நீண்ட இடம் பெறுகின்றன. வழிநெடுக யோசுவா, கெதெயோன், சிம்சோன் முதலியோரின் பழைய கதைகள் விரிகின்றன. இப்பகுதியை நாம் விரைந்தே கடந்தோம். வாசகரும் அவ்வாறு செய்தால் குற்றமில்லை. ஆனால் அப்பயணத்தின் தொடக்கம் அப்படியன்று. நள்ளிரவில் எழுந்து குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு ஓடுகிறார் சூசையப்பர். 2023 டிசம்பர் மாதத்தை எண்ணூர் மக்கள் மறக்கமாட்டார்கள். மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழிமுகத்தில் பரவியது. படகும் வலையும் கறுத்தன. மீனவர்கள் வாளிகளாலும் வெறுங்கையாலும் எண்ணெயை அள்ளினார்கள். அந்த மாதம் முடியுமுன், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அடுத்த நாள் இரவில் அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் பகுதி மக்கள் மூச்சுத் திணறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினார்கள். இத்தகைய வேளைகளில் 'எல்லாம் இறைசித்தம், தாழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று சொல்லும் குரல்கள் நம்மிடையே உண்டு. ஏரோதின் வாள் இறைசித்தம் என்று வானதூதர் சூசையப்பரிடம் சொல்லவில்லை. எழுந்து ஓடச் சொன்னார். தாழ்ச்சி மிக்க அந்தத் தச்சர் ஏரோதுக்குப் பணியவில்லை. இறைவனுக்குப் பணிந்ததால் ஏரோதிடமிருந்து தப்பினார்.

நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த நீசா நகர் கிரகோரியார், மோசேயின் வாழ்வைப் பற்றிய தம் நூலில் ஓர் அரிய கருத்தைச் சொல்கிறார். மோசே இறைவனின் முகத்தைக் காண விழைந்தார். பின்புறத்தை மட்டுமே காண அனுமதிக்கப்பட்டார். ஏனெனில் அளவற்றவரைக் காண்பது என்பது அவரைப் பின்தொடர்ந்து நடப்பதே. பின்தொடர்பவர் முன்செல்பவரின் முதுகைத்தானே காண்பார் என்கிறார் அவர். இரவில் பாலைவனத்தில் நடந்த சூசையப்பரை இதைவிட நன்றாக யாரும் விளக்கியதாக நமக்குத் தெரியவில்லை.

அண்மையில் நம் பங்கில் மாலை வேளைகளில் சிலர் கூடித் தேம்பாவணியைப் படிக்கத் தொடங்கினோம். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியும் வந்தாள். அவளது பாடநூலில் கருணையனின் புலம்பல் இடம்பெற்றிருந்தது. திருமுழுக்கு யோவானுக்கு முனிவர் இட்ட பெயர் கருணையன். காட்டில் தாய் எலிசபெத்தை இழந்து அவரைப் புதைத்துவிட்டுத் தனியே நிற்கிறான் சிறுவன். உயிர் வாழும் முறை தெரியாது, காட்டில் போகும் வழி தெரியாது என்று அவன் அடுக்குகிறான். 'அறியேன்' என்னும் சொல் மீண்டும் மீண்டும் விழுகிறது. மரங்களும் பறவைகளும் அவனோடு சேர்ந்து அழுகின்றன. மாணவி அதைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்தவளாய் வேகமாகச் சொல்லத் தொடங்கி, பாதியில் குரல் இறங்கி, மெதுவாகச் சொல்லி முடித்தாள். சில மாதங்களுக்கு முன் அவள் வீட்டில் ஒரு சாவு நிகழ்ந்திருந்தது; நமக்கு அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

தேம்பாவணியின் உண்மையான அவையடக்கம் பாயிரத்தில் இல்லை, இங்கேதான் இருக்கிறது என்று அந்த மாலையில் நமக்குப் பட்டது. ஐரோப்பிய மொழிகள் பலவும் கற்று, சதுரகராதி தொகுத்து, தொன்னூல் விளக்கம் என்னும் இலக்கணமும் செய்த ஒரு பேரறிஞர், தாயை இழந்த சிறுவனின் வாயில் அந்த ஒரே சொல்லை வைக்கிறார். தூய அக்குவினா தோமா 1273 டிசம்பர் 6ஆம் நாள் திருப்பலிக்குப் பின் எழுதுகோலைக் கீழே வைத்தார். அதன்பின் தம் பெருநூலைத் தொடரவேயில்லை. தாம் கண்டதற்கு முன் தாம் எழுதியதெல்லாம் வைக்கோல் என்றார். தோமாவின் வைக்கோலும் கருணையனின் 'அறியேன்'னும் ஒரே இடத்திலிருந்து வருபவை. ஒருவர் மிகுதியாகக் கண்டு அடங்கினார். மற்றவர் எல்லாம் இழந்து அடங்கினார்.

காப்பியம் முடிசூட்டுப் படலத்தோடு முடிகிறது. வளன் விண்ணகத்தில் முடி பெறுகிறார். திருச்சபையும் அவருக்குக் காலம் தாழ்த்தியே பெருமைகளைச் சூட்டியது. 1870இல் ஒன்பதாம் பத்திநாதர் அவரை அனைத்துலகத் திருச்சபையின் பாதுகாவலர் என்று அறிவித்தார். 1955இல் பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதல் நாளைத் தொழிலாளரான சூசையப்பருக்கு உரியதாக்கினார். அதே நாளை இந்தியாவில் முதன்முதலில் 1923இல் கொண்டாடியவர் சென்னைக் கடற்கரையில் மீனவர் குடியில் பிறந்த சிங்காரவேலர் என்பதை நம் மறையுரைகளில் சொல்வதற்குத் தயங்க வேண்டியதில்லை. 1962இல்தான் இருபத்து மூன்றாம் அருளப்பர் அவர் பெயரை உரோமை நற்கருணை மன்றாட்டில் சேர்த்தார். மற்ற மூன்று மன்றாட்டுகளில் அது சேர 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தம் பெயரை எங்கும் பொறித்துக்கொள்ளாதவர் அவ்வளவு காலம் காத்திருந்ததில் வியப்பில்லை. நம் ஆலயங்களிலோ மின்விசிறியின் இறக்கையிலும் உபயதாரரின் பெயர் சுழல்கிறது.

முடிசூட்டைப் படித்த அன்று, முதலில் நம்மிடம் கேள்வி கேட்ட முதியவரையும் அழைத்திருந்தோம். அவர் வேறு பங்கிலிருந்து பேருந்து ஏறி வந்திருந்தார். தாழ்ச்சிக்கும் தாழ்வுக்கும் உள்ள வேற்றுமையை, காலம் கடந்தாயினும், அவருக்குச் சொன்னோம். "அது எனக்குத் தெரியும் சாமி. உங்களுக்குத் தெரியுதான்னுதான் அன்னைக்குக் கேட்டேன்" என்றார். பிறகு நூலைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"வேதத்துல சூசையப்பர் ஒரு வார்த்தகூட பேசலன்னு நீங்கதானே சொன்னீங்க? இதுல இம்மாம் பேசறாரே?"

முனிவருக்காக நாம் வாதாடத் தொடங்கினோம். காப்பியம் என்றால் தலைவர் பேசியாக வேண்டும் என்றோம். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். திருவொற்றியூருக்குக் கடைசிப் பேருந்து போய்விடும் என்று சொல்லி எழுந்தார். நூலைத் தம்மோடு எடுத்துக்கொண்டு போனார். இன்னும் திருப்பித் தரவில்லை.